கேன்டர் லாரிக்கும் குதிரை நடைக்கும் என்ன சம்பந்தம்?

சங்ககிரியான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா பத்தொன்பது வருஷம் கேன்டர் ஓட்டியவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு வாளையார் தாண்டி கேரளாவுக்குப் போவார். எங்கள் பக்கத்தில் அப்பா ஓட்டிய அளவு லாரி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதன் பெயர் கேன்டர்தான். சந்தையில் போய் "கேன்டர் ஒன்னு வேணும்" என்றால் யாரும் எந்தக் கம்பெனி என்று கேட்க மாட்டார்கள்.

போன வாரம் என் மகள் ஆங்கிலப் பாடத்தில் ஒரு கதை படித்தாள். அதில் ஒரு குதிரை 'கேன்டர்' போகிறது. "தாத்தா லாரி மாதிரி போச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அகராதியில் 'மிதமான பாய்ச்சல்' என்று இருக்கிறது. பாய்ச்சல் எப்படி மிதமாக இருக்கும்? இது குதிரையிடமிருந்து லாரிக்கு வந்த பெயரா? குதிரைக்கு அது எங்கிருந்து வந்தது? தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

பழுப்புத்தாள்:

தம்பி, நான் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை. உங்கள் மகளுக்கு என் வாழ்த்து.

முதலில் லாரி. மிட்சுபிஷி 1963இல் ஜப்பானில் விட்ட வண்டிதான் கேன்டர். குதிரை நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத்தான் அதற்குப் பெயராக வைத்தார்கள். 1986இல் ஐஷர் கம்பெனி மிட்சுபிஷியோடு சேர்ந்து மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. நம் ரோட்டுக்கு வந்தது அப்படித்தான்.

இனி குதிரை. இங்கிலாந்தில் கேன்டர்பரி என்று ஒரு ஊர். அங்கே பேராயராக இருந்த தாமஸ் பெக்கெட்டுக்கும் அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் பகை முற்றி, 1170 டிசம்பர் 29 அன்று அரசரின் வீரர்கள் நாலு பேர் பெக்கெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். 1173இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். 1220இல் அவருடைய எலும்புகளைப் பொன்னும் மணியும் இழைத்த சமாதிக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதி உள்ளவர்கள் குதிரையில் போனார்கள்.

அந்த யாத்திரிகர்கள் அலுங்காமல் போன வேகத்துக்குத்தான் 'கேன்டர்பரி கேலப்' என்று பெயர். கேலப் என்றால் பாய்ச்சல். 1630களில் இந்தத் தொடர் எழுத்தில் கிடைக்கிறது. பின்னால் வால் அறுந்து, 1700களின் தொடக்கத்தில் 'கேன்டர்' மட்டும் நின்றுவிட்டது.

ஐயமே_அழகு:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை 1538இல் இடித்துத் தள்ளிவிட்டார். நகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாத்திரை அதோடு முடிந்தது. நீங்கள் சொல்லும் 'கேன்டர்பரி கேலப்' எழுத்தில் வருவது 1630களில். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம். யாத்திரை உச்சத்தில் இருந்தபோது இல்லாத பெயர், யாத்திரையே நின்று மூன்று தலைமுறை ஆன பிறகு எப்படி முளைத்தது?

இன்னொன்று. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெஃப்ரி சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகள் முழுக்க இந்த யாத்திரிகர்களைப் பற்றியது. யார் எந்தக் குதிரையில் வந்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். அதில் 'கேன்டர்' இல்லவே இல்லை.

நம் ஊரில் எந்தக் குன்றைக் காட்டினாலும் ராமர் இங்கே தங்கினார், எந்தக் குளத்தைக் காட்டினாலும் சீதை இங்கே குளித்தாள் என்று சொல்வோம் இல்லையா? இதுவும் அப்படி ஒரு ஸ்தல புராணமோ என்று எனக்குச் சந்தேகம். லத்தீனில் காயடித்த குதிரைக்கு 'கான்தேரியுஸ்' என்று ஒரு சொல் உண்டு. 'கேன்டர்' அதிலிருந்து வந்திருந்தால்?

பழுப்புத்தாள்:

நல்ல கேள்வி. இப்படித்தான் கேட்க வேண்டும். நேற்று ராத்திரி இதற்காகவே உட்கார்ந்து பார்த்தேன்.

லத்தீன் வழி நிற்காது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, அங்கிருந்து இங்கே வந்து சேர வழியில் கண்ணிகள் வேண்டும். லத்தீன் சொல்லுக்கு அந்தக் கண்ணிகள் இல்லை. கேன்டர்பரிக்கு இருக்கின்றன. முதலில் 'கேன்டர்பரி கேலப்' என்று முழுத் தொடர். பிறகு 'கேலப்' உதிர்ந்து ஊர்ப் பெயர் மட்டும். ஜான் டென்னிஸ் என்ற விமர்சகருக்குக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பைப் பிடிக்காது. 1729இல் அவர் எழுதினார்: பிரெஞ்சுக் கவிஞர் பொய்லோவின் கவிதைக் குதிரைக்கு எல்லா நடையும் தெரியும், போப்பின் குதிரையோ கென்ட் நாட்டு (கேன்டர்பரி இருக்கிற பகுதி) அஞ்சல் குதிரை மாதிரி எப்போதும் 'கேன்டர்பரி'யிலேயே போகிறது என்று. பாருங்கள், ஒரு ஊரின் பெயரே நடையின் பெயராகிவிட்டது. அது இன்னும் தேய்ந்தால் 'கேன்டர்'. ஆகவே சொல் அந்த ஊரிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலும் 'கேன்டர்பரி கேலப்' உண்டு. ஆம்பிள் நடைக் குதிரையின் (ஆம்பிள் என்பது குலுங்காத ஒரு நடை) அடக்கமான கேலப், பொதுவாகக் கேன்டர் எனப்படுவது, துறவிகள் சுகமான ஆம்பிள் குதிரைகளில் கேன்டர்பரிக்குப் போனதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். யாத்திரிகர் என்று சொல்லவில்லை, துறவிகள் என்கிறார். "சொல்வார்கள்" என்பதையும் கவனியுங்கள். அவரே கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்கிறார்.

நூறு வருஷ இடைவெளிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

லாயத்துக்காரி:

நான் பெங்களூரில் குதிரையேற்றம் சொல்லித் தருகிறேன். குதிரைமேல் உட்காருகிறவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த யாத்திரிகர்கள் கேன்டரில் போயிருக்கவே முடியாது.

லண்டனிலிருந்து கேன்டர்பரி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். கேன்டரின் வேகம் மணிக்கு 16 முதல் 27 கிலோமீட்டர். ஒரு நல்ல குதிரையை அரை மணி நேரம் கேன்டரில் விட்டுவிட்டு இறங்கினால் கழுத்தெல்லாம் நுரைத்திருக்கும், விலா ஏறி இறங்கும். முழு நாளும், மறுநாளும் அப்படி ஓட்டினால் குதிரை விழுந்துவிடும்.

கேன்டர் என்றால் என்ன என்று சங்ககிரித் தம்பிக்காக விளக்குகிறேன். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டால் எளிது. சாதாரண நடைக்கு நாலு தட்டு, ஒவ்வொரு காலும் தனித்தனியாக விழும். ட்ராட் என்பது இரண்டு தட்டு: குறுக்காக முன்னங்கால் ஒன்றும் பின்னங்கால் ஒன்றும் ஜோடியாக விழும், பிறகு மற்ற ஜோடி. உட்கார்ந்திருப்பவரை அது தூக்கித் தூக்கிப் போடும். புதிதாக வருகிறவர்கள் அழுவது இதில்தான். கேன்டருக்கு மூன்று தட்டு. வலப்பக்கம் திரும்பும்போது முதலில் இடது பின்னங்கால் ஊன்றும். அடுத்து வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் சேர்ந்து விழும். கடைசியாக வலது முன்னங்கால் முன்னே நீளும். அப்புறம் ஒரு கணம் நாலு காலும் தரையில் இருக்காது. அந்த ஒரு கணம்தான் கேன்டரின் சுகம். சேணத்தில் நம்மைத் தொட்டில் மாதிரி முன்னும் பின்னுமாக ஆட்டும். கேலப் ஆகும்போது நடுவில் சேர்ந்து விழுந்த ஜோடி பிரிந்து மறுபடி நாலு தட்டாகிவிடும். அதைத்தான் தமிழில் நாலுகால் பாய்ச்சல் என்கிறோம். யார் வைத்த பெயரோ, அவ்வளவு சரியான பெயர்.

அப்படியானால் யாத்திரிகர்கள் போனது? ஜான்சன் சொன்ன ஆம்பிளில். இதிலும் நாலு தட்டுதான், ஆனால் சாதாரண நடையைவிட வேகமாக. ஒரு பக்கத்துப் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், பிறகு அடுத்த பக்கம் என்று உருளும். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் குலுக்கலே இருக்காது. எல்லாக் குதிரைக்கும் இது வராது. நம் நாட்டில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. ராஜஸ்தானில் இதை 'ரேவால்' என்பார்கள். ஒரு முறை ஜோத்பூர்ப் பக்கம் ஒரு பெரியவர் தன் மார்வாரியை எனக்குக் கொடுத்தார். லகானை ஒரு விரலில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனேன். தோளில் போட்டிருந்த துப்பட்டா நழுவவே இல்லை.

சங்ககிரியான்:

அக்கா, நீங்கள் துப்பட்டா என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஒரு அட்டையில் 30 முட்டை. அப்படி வண்டி நிறைய அடுக்கியிருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கவே மாட்டார். மேடு பள்ளம் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம், இருட்டில்கூட முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். "வேகமாப் போறது பெருசில்ல, போற வேகம் மாறக் கூடாது" என்பார். அவர் ஓட்டியதும் ரேவால்தான் போல.

கென்ட்_வாசி:

நான் கென்ட்டில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். கேன்டர்பரி எங்களுக்கு காரில் அரை மணித்தியாலம். உறவினர் யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன், அதனால் தேவாலயத்தில் எனக்குத் தெரியாத மூலை இல்லை.

சமாதி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. வெறும் தரை. நடுவில் ஒரே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அங்கே ஏறிப் போகிற கல் படிகளைப் பார்க்க வேண்டும். நடுவில் குழிந்து, சட்டியின் அடி மாதிரி இருக்கும். முழங்காலில் ஏறினவர்கள் தேய்த்தது என்று சொல்வார்கள். என் அம்மா வந்தபோது அந்தப் படியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. அவவுக்கு பெக்கெட் யார் என்று தெரியாது.

குதிரை பற்றி ஒரு செய்தி சேர்க்கிறேன். அந்தப் பாதையில் வாடகைக் குதிரைத் தொழில் ஓகோ என்று நடந்திருக்கிறது. 1396இல், இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், கட்டணத்தையே அரசு நிர்ணயித்தது. லண்டன் சவுத்வார்க்கிலிருந்து ராச்செஸ்டர் வரை 12 பென்ஸ், அங்கே இறங்கி வேறு குதிரை, ராச்செஸ்டரிலிருந்து கேன்டர்பரி வரை இன்னொரு 12 பென்ஸ். களவு போகாமலிருக்கக் குதிரைக்குச் சூடு போட்டு அடையாளமும் வைத்தார்கள். இந்த வகைக் குதிரைக்கு 'ஹாக்னி' என்று பெயர், அதுவும் லண்டன் பக்கத்து ஊர்ப் பெயர்தான். சுகமாக ஆம்பிள் நடை போகிற குதிரை என்பது முதல் பொருள். பிறகு வாடகைக் குதிரை, பிறகு வாடகை வண்டி. லண்டன் டாக்சிக்கு இன்றும் சட்டத்தில் 'ஹாக்னி கேரேஜ்' என்றுதான் பெயர்.

யாத்திரை நின்றாலும் பாதை நிற்கவில்லை. லண்டனிலிருந்து டோவர் துறைமுகத்துக்குப் போகிற பெருவழி அது. அஞ்சல் குதிரைகள் அதே வழியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டென்னிஸ் 1729இல் 'கென்ட் நாட்டு அஞ்சல் குதிரை' என்றதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சமாதி இல்லாத நூறு வருஷமும் அந்தப் பெயரைக் குதிரைக்காரர்கள் வாயில் வைத்திருந்திருக்கலாம் அல்லவா?

ஐயமே_அழகு:

கென்ட் அண்ணா, படியைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அஞ்சல் பாதை என்பது எனக்குத் தோன்றாத விஷயம். அது வலுவான பதில். நான் என் கட்சியில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன்: ஊர் சரி, பாதை சரி. யாத்திரிகர்கள் 'கேன்டரில்' போனார்கள் என்ற பாதியைத்தான் இன்னும் ஒப்ப மாட்டேன். லாயத்துக்காரி சொன்னதும் அதையேதான் காட்டுகிறது. சாஸரின் பாத் ஊர்ப் பெண்மணி 'ஆம்பிளர்' குதிரையில் சுகமாக உட்கார்ந்து வருகிறாள் என்றுதான் கவிதையிலும் இருக்கிறது.

ஆம்பிள் குதிரைகளுக்கு உயிரியல் சான்றும் உண்டு. 2012இல் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம்தான் குதிரைக்கு இந்த வகை நடைகளைத் தருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2016இல் பழைய குதிரை எலும்புகளைச் சோதித்தபோது, மிகப் பழைய சான்று இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் கிடைத்த கி.பி. 850–900 காலத்து எலும்புகளில் இருந்தது. வைக்கிங்குகள் அங்கிருந்துதான் இந்தக் குதிரைகளை ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார்கள். ஐஸ்லாந்துக் குதிரையின் புகழ்பெற்ற 'டோல்ட்' நடையும் ஆம்பிளின் சொந்தக்காரன்தான்.

ஆகவே ஜான்சனின் வரியைத் திரும்பப் படியுங்கள். 'ஆம்பிள் நடைக் குதிரையின் அடக்கமான கேலப்.' நாம் எல்லோரும் துறவிகளைப் பார்த்தோம், இதைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஆம்பிள் நடையில் போகிற கேன்டர்பரிப் பாதைக் குதிரையை நடுவில் கொஞ்சம் தட்டிவிட்டால், அது மெத்தென்று உருண்டு ஓடும். அந்த ஓட்டத்துக்குத்தான் 'கேன்டர்பரி கேலப்' என்று பெயர் வந்திருக்கும். பிற்பாடு பாதைகள் சீராகி, கோச் வண்டிகள் பெருகி, ட்ராட் குதிரைகளுக்கு மவுசு வந்து, இங்கிலாந்தில் ஆம்பிள் குதிரைகளே இல்லாமல் போயின. பெயர் மட்டும் மிஞ்சி, எல்லாக் குதிரையின் மெதுவான கேலப்புக்கும் ஒட்டிக்கொண்டது. இது என் ஊகம். ஆனால் இதில் எந்தத் தேதியும் இடிக்கவில்லை.

லாயத்துக்காரி:

இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மார்வாரியை நான் தட்டிவிட்டபோதும் ட்ராட்டுக்கே போகவில்லை. ரேவாலிலிருந்து நேரே கேன்டருக்குத் தாவியது. மாறியதே தெரியவில்லை.

தனியாவர்த்தனம்:

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். மூன்று தட்டு என்றதும் கை சும்மா இருக்கவில்லை. 'தகிட' என்று மூன்றடியாகத் தட்டிப் பார்த்தேன், குதிரை வரவில்லை. இடைவெளியில்லாமல் மில் ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் அக்கா சொன்ன அந்தக் காற்றில் நிற்கிற கணத்தைச் சேர்த்தேன்: தகிட, ஒரு கார்வை, தகிட, ஒரு கார்வை. வந்துவிட்டது! அதாவது காதுக்கு மூன்று, கணக்குக்கு நாலு. திஸ்ரம் என்று நினைத்தது சதுஸ்ரத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். தாளத்தில் நாங்கள் 'கதி' என்றும் 'நடை' என்றும் சொல்கிறோம். குதிரைக்கும் அதே இரண்டு சொற்கள்தான்.

கென்ட்_வாசி:

எங்கட ஊரில் 'கெதியா வா' என்றால் சுறுக்காக வா என்று பொருள். அந்தக் கெதி இந்தக் கதிதான்.

பழுப்புத்தாள்:

நம் பழைய சொற்களையும் வைத்துவிடுகிறேன். மதுரைக்காஞ்சியில் 'அடிபடு மண்டிலத்து ஆதி போகிய, கொடிபடு சுவல விடுமயிர்ப் புரவியும்' என்று வருகிறது. மண்டிலம் வட்டமாக ஓடுவது, ஆதி நேராக நீண்டு ஓடுவது. 'அடிபடு' என்ற சொல்லில் நின்று பாருங்கள்: குதிரைகளைச் சுற்றிச் சுற்றிப் பழக்கிப் பழக்கி, குளம்படி பதிந்து தேய்ந்துபோன களம். கென்ட் நண்பர் சொன்ன படி மாதிரி. வடமொழியில் அமரகோசம் என்ற நிகண்டு குதிரைக்கு ஐந்து கதி சொல்கிறது: ஆஸ்கந்திதம், தௌரிதகம், ரேசிதம், வல்கிதம், ப்லுதம். இவற்றில் எதையாவது கேன்டருக்கு நேராகப் பொருத்தினால் அது வலிந்து செய்வதாகும். வேண்டாம்.

வழக்கில் இன்னும் உயிரோடு இருப்பது 'வையாளி'. குதிரையேற்றத்துக்குப் பழைய பெயர். ஸ்ரீரங்கத்தில் வேடுபறி அன்று நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வையாளி வரும்போது பார்த்திருக்கிறீர்களா? தண்டைத் தோளில் வைத்திருப்பவர்கள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரே சீராக ஓடுவார்கள். மரக் குதிரைக்கு நடை வந்துவிடும்.

கேன்டருக்கு என் ஓட்டு 'மென்பாய்ச்சல்'.

லாயத்துக்காரி:

ஐயா, மென்பாய்ச்சல் அழகு. ஆனால் லாயத்தில் நின்று கத்த முடியாது. வடக்கத்திய சயீஸ்கள், அதாவது குதிரை பராமரிப்பவர்கள், ட்ராட்டுக்கு 'துல்கி', கேன்டருக்கு 'போயியா', கேலப்புக்கு 'சர்பட்' என்பார்கள். எல்லாம் ஒரு மூச்சில் வருகிற சொற்கள். கட்டளைச் சொல் அப்படி இருக்க வேண்டும். என் மாணவர்களிடம் இனி 'தகிட' என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

கென்ட்_வாசி:

கதையில் எழுத 'ஆறுதலான பாய்ச்சல்' எப்படி? எங்களுக்கு ஆறுதல் என்றால் அவசரமில்லாமல் என்றும் பொருள்.

சங்ககிரியான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மொத்தத்தையும் மகளுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பெக்கெட்டை வெட்டிய இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா 12 பென்ஸ் வாடகையில்தான் நின்றார். "பாதி வழியில வண்டி மாத்துனா லோடு இறக்கி ஏத்தற கூலி யாரு குடுப்பாங்க?" என்று கேட்டார்.

மிருதங்கக்காரர் சொன்னபடி மகள் சாப்பாட்டு மேஜையில் தகிட, கார்வை என்று தட்டினாள். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பவானிப் பக்கம் காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது வண்டிக்கு இரண்டு தட்டுதான் கேட்கும், முன் சக்கரம் ஒன்று, பின் சக்கரம் ஒன்று, மூன்று வராது என்றார். மேஜையில் அவரே தட்டிக் காட்டினார். டக்டக். டக்டக். அக்கா சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவர் கேன்டரில் ட்ராட்தான் போயிருக்கிறார், ஆனால் ஒரு முட்டை உடையாமல்.

மகள் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருக்கிறாள். மென்பாய்ச்சலும் எழுதவில்லை, ஆறுதலும் எழுதவில்லை. 'முட்டை ஓட்டம்' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் தப்பு போட்டால் இந்த இழையைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.